அடுப்பு பற்றவைக்க முன்னால் போனவன்

லைர்வாங் என்ற எங்கள் பனிமலை ஊரில் இருப்பது ஒரே மலைதான். ஆனால் அதன் கிழக்குப் பக்கத்து ஆட்களும் மேற்குப் பக்கத்து ஆட்களும், ஒரே கடையில் ரொட்டி வாங்கினாலும், ஒருவரையொருவர் அதிகம் அறியமாட்டார்கள். கிழக்குச் சரிவில் லிஃப்ட் ஓடுகிறது. கம்பியில் தொங்கும் நாற்காலியில் இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து எட்டு நிமிடத்தில் உச்சிக்குப் போவார்கள். இரண்டு நிமிடத்தில் சறுக்கிக் கீழே வந்து மறுபடியும் வரிசையில் நிற்பார்கள். மேற்கே மரமில்லாத மேட்டுநிலம். அங்கே ஏறுவது, இறங்குவது, சமதரையில் மைல் கணக்காகப் போவது எல்லாமே சொந்தக் கால்களால்தான்.

நான் மேற்குப் பக்கத்து ஆள். பெயர் தார்யெய். குளிர்காலம் முழுவதும் காலை ஐந்து மணிக்குத் தடமிடும் இயந்திரத்தை எடுத்துக்கொண்டு கிளம்புவேன். முப்பது கிலோமீட்டருக்குப் பனியைச் சீவி, அதன்மேல் ஸ்கீ கட்டைகள் இரண்டும் ஓடுவதற்கு இரண்டு பள்ளக் கோடுகளை அழுத்திக்கொண்டே போவது என் வேலை. ஓட்டுநர் அறையில் இரண்டு இருக்கைகள் உண்டு. இரண்டாவதில் இருபத்தாறு வருடமாக என் காபிக் குடுவைதான் பயணம் செய்கிறது.

மதியத்துக்கு மேல் லிஃப்ட் அடிவாரத்தில் இருக்கும் வாடகைக் கடையில் நிற்பேன். வெளியூர்க்காரர்களுக்கு அளவு பார்த்துக் கட்டை எடுத்துக் கொடுக்க வேண்டும். பக்கத்திலேயே தோருனின் சிற்றுண்டிக் கடை. தோருனும் நானும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. அங்கேதான் புர்கி பழக்கமானாள். ஆஸ்திரியாவின் தீரோல் மலைநாட்டுக்காரி, நாற்பத்தேழு வயது. கிழக்குச் சரிவில் இறக்கச் சறுக்கு சொல்லிக்கொடுக்க மூன்று குளிர்காலமாக வந்துகொண்டிருந்தாள். வகுப்பு முடிந்ததும் வாஃபிள் சாப்பிட வருவாள். நான் எதையாவது விளக்கிக்கொண்டிருப்பேன். கேட்க ஆள் கிடைத்தால் விடமாட்டேன், அது என் சுபாவம்.

"டேய் தார்யெய், நீ பேசப் பேச அவ தட்டுல வாஃபிள் ஆறிப்போகுது பாரு" என்பாள் தோருன்.

"ஸ்கீ கட்டைக்குப் பூசற மெழுகைப் பத்திச் சொல்லிட்டிருந்தேன்."

"அதேதான் சொல்றேன். மத்த ஆம்பளைங்க பூ குடுப்பாங்க. நீ மெழுகு குடுக்கறே."

"இல்ல தோருன், கேக்க நல்லாத்தான் இருக்கு" என்றாள் புர்கி. "எங்க அண்ணன் மாட்டைப் பத்தி இப்படித்தான் நாள் பூரா பேசுவான்."

"கேட்டியாடா? மாட்டோட சேத்துட்டா உன்னை!"

ஈஸ்டருக்குப் பத்து நாள் இருக்கும்போது புர்கி அதே மேசையில் உட்கார்ந்து ஒரு விஷயம் சொன்னாள். ஈஸ்டரோடு அவள் ஒப்பந்தம் முடிகிறது. சறுக்குப் பள்ளியில் நிரந்தரமாக இருந்துவிடச் சொல்கிறார்கள். ஊரில் அண்ணன், விருந்தினர் விடுதியைப் பார்த்துக்கொள்ள வந்துவிடு என்கிறான். வருகிற ஞாயிறு குருத்தோலை ஞாயிறு. அதற்கு மறுநாள், திங்கட்கிழமை, பதில் சொல்ல வேண்டும்.

"நீ என்ன நினைக்கறே?" என்று தோருன்தான் கேட்டாள்.

"மலை பிடிச்சிருக்கு. வேலை பிடிச்சிருக்கு." புர்கி வாஃபிள் மேலிருந்த பழுப்புப் பாலாடைக்கட்டியை முள்கரண்டியால் கிளறினாள். "ஆனா மூணு வருஷமா ஞாயித்துக்கிழமை வந்தா என்ன பண்றதுன்னு தெரியல. இங்க எல்லாரும் எங்கேயோ போயிடறீங்க. எங்கன்னுகூட எனக்குத் தெரியாது."

நாங்கள் போவது மேட்டுநிலத்துக்கு. ஆளுக்கொரு முதுகுப்பையோடு, ஆளுக்கொரு திசையில். அதைச் சொல்ல வாயெடுத்தேன். வாயிலிருந்து வந்தது வேறு.

"இந்த ஞாயிறு ஸ்டெயின்பூ குடிசைக்குப் போலாமா? ஒன்பது கிலோமீட்டர். கட்டை நான் கொண்டுவரேன்."

தோருன் பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டாள். புர்கி சிரித்தாள். "உன் பக்கத்து மலைக்கா? சரி. நீதான் சொல்லித் தரணும்."

எனக்கு ஐம்பத்திரண்டு வயது. ஞாயிறு வரும் வரை, இயந்திரத்தின் இரண்டாவது இருக்கையில் குடுவைக்குப் பதில் ஓர் ஆள் உட்கார்ந்திருந்தால் எப்படியிருக்கும் என்று யோசித்துக்கொண்டே தடம் போட்டேன். அவள் இருந்துவிட வேண்டும் என்று விரும்பினேன். அந்த ஞாயிறு நன்றாகப் போனால் இருந்துவிடுவாள் என்றும் நம்பினேன்.

ஞாயிறு காலை ஒன்பதரைக்கு மேற்கு வாகன நிறுத்தத்தில் சந்தித்தோம். அவள் சிவப்பு ஜாக்கெட்டில் வந்திருந்தாள். வெயில். நிழலில் பூஜ்ஜியத்துக்கு மூன்று டிகிரி கீழே. என் தங்கை குட்வெய்க் கடற்கரை ஊருக்குக் கல்யாணமாகிப் போகும்போது விட்டுச்சென்ற கட்டைகளை அவளுக்காகக் கொண்டுவந்திருந்தேன். நல்ல கட்டைகள். முந்தின நாள் சாயங்காலம் அடிப்பக்கத்தைச் சுரண்டி, சுத்தம் செய்து, மூன்று பூச்சு மெழுகு தடவி, தக்கையால் தேய்த்து மினுக்கியிருந்தேன்.

புர்கி ஒரு கட்டையைக் கையில் தூக்கிப் பார்த்தாள். "இது கட்டையா, குச்சியா? காத்தடிச்சாப் பறந்துடும் போலிருக்கே. விளிம்புல இரும்பு எங்கே?"

"இதுக்கு இரும்பு விளிம்பு கிடையாது."

"அப்புறம் எப்படித் திரும்பறது?"

"அதிகமாத் திரும்ப வேண்டாம். தடம் திருப்பும்."

"எப்படி நிக்கறது?"

"ஏத்தம் வந்தா தானா நின்னுடும்."

அவள் பயந்ததுபோல் முகத்தை வைத்துக்கொண்டாள். நான் ஆரம்பித்துவிட்டேன். அவளுடைய சறுக்கில் காலணி மாவுக்கட்டுப் போட்டதுபோல் இறுக்கமானது. முனையும் குதிகாலும் கட்டையோடு பூட்டப்பட்டிருக்கும். காலும் கட்டையும் ஒரே துண்டு. அதனால்தான் செங்குத்துச் சரிவில் முழங்காலைச் சாய்த்தால் கட்டையும் சாய்ந்து, இரும்பு விளிம்பு பனியைக் கடிக்கிறது. ஆனால் அதைப் போட்டுக்கொண்டு ஒரு மேட்டில் நடந்து ஏற முடியாது. யாராவது மேலே தூக்கிவிட வேண்டும். எங்கள் கட்டையில் கால்விரல் நுனி மட்டும்தான் மாட்டியிருக்கும். குதிகால் நடக்கும்போது எழுவதுபோல் எழும். ஒரு காலால் உதைத்து, மறுகாலில் வழுக்கிக்கொண்டு போவது. யாரும் தூக்கிவிடத் தேவையில்லை.

"உதைச்சா பின்னாடி வழுக்காதா?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. எனக்கு உற்சாகம் தாங்கவில்லை.

கட்டையைப் பக்கவாட்டில் காட்டினேன். நுனியும் வாலும் தரையில் படும், நடுப்பகுதி வில்போல் மேலே வளைந்திருக்கும். அந்த வளைவுக்கு அடியில்தான் ஒட்டும் மெழுகு பூசுவோம். இரண்டு காலிலும் எடை பகிர்ந்திருக்கும்போது வில் அமுங்காது. மெழுகு பனியில் படாது. கட்டை வழுக்கும். ஒரே காலில் முழு எடையையும் போட்டு உதைத்தால் வில் தட்டையாகி, மெழுகு பனியைக் கவ்விக்கொள்ளும். அந்த ஒரு நொடிதான் பிடிமானம். காலைத் தூக்கியதும் வில் மறுபடியும் எழும்பிவிடும். மெழுகின் நிறம் பனியின் சூட்டைப் பொறுத்தது. கடுங்குளிருக்கு நீலம், பூஜ்ஜியத்தை ஒட்டி ஊதா, ஈரப்பனிக்குச் சிவப்பு. அன்றைக்கு ஊதா.

"அப்போ இது ரெண்டு கட்டை. ஓடறதுக்கு ஒண்ணு, நிக்கறதுக்கு ஒண்ணு. ஒண்ணுக்குள்ள ஒண்ணு" என்றாள் புர்கி. இருபத்தாறு வருடத்தில் யாரும் அதை அவ்வளவு சரியாகச் சொல்லிக் கேட்டதில்லை.

முதல் இரண்டு கிலோமீட்டர் பிர்ச் மரங்களுக்கு நடுவே சமதரை. புர்கி இரண்டு ஊன்றுகோல்களையும் ஒன்றாக ஊன்றி, கைபலத்தால் தன்னைத் தள்ளிக்கொண்டு சீறிப்போனாள். முப்பது வருடம் சரிவில் வேலை பார்த்த தோளும் முதுகும். நான் பக்கத்துத் தடத்தில் பேசிக்கொண்டே போனேன். எவ்வளவு சீக்கிரம் பிடித்துக்கொண்டாள் என்று வியந்தேன். காலால் உதைக்காமல் கையால் மட்டும் தள்ளுகிறவருக்கு மெழுகின் பிடிமானம் தேவையே இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் அது நினைவுக்கு வரவில்லை.

மரங்கள் முடிந்ததும் ஏற்றம் தொடங்குகிறது. செங்குத்தெல்லாம் இல்லை. நாலு கிலோமீட்டருக்கு நிதானமாக, ஒரு கணவாய் வரைக்கும். கணவாயிலிருந்து குடிசைக்கு மேலும் மூன்று கிலோமீட்டர். அந்த இடத்திலிருந்து இரட்டைத் தடம் ஒற்றைத் தடமாகிவிடும். ஒருவர் பின்னால் ஒருவர்தான் போக முடியும். எதிர்காற்றும் ஆரம்பித்துவிட்டது.

இங்கே எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். இரண்டு பேர் இந்த மாதிரிப் பொதுக் குடிசைக்குப் போனால், கால் பழகியவர் முன்னால் போய்விடுவார். பூட்டைத் திறந்து, அடுப்பைப் பற்றவைத்து, பனியை உருக்கிக் காபிக்கு வைப்பார். பின்னால் வருகிறவர் தன் வேகத்தில் வந்து கதகதப்புக்குள் நுழைவார். பின்னால் வருகிறவரோடு மெதுவாகக் கூடவே போவது அவரைச் சங்கடப்படுத்துவது. மூச்சு வாங்குகிற முகத்தை நின்று பார்ப்பது மரியாதை இல்லை. என் அப்பா அம்மாவுக்கு முன்னால் போனார். நான் தங்கைக்கு முன்னால் போனேன். எங்களுக்குத் தெரிந்த அன்பு அதுதான்.

"நான் முன்னாடி போய் அடுப்பு பத்த வைக்கறேன்" என்றேன். "நீ நிதானமா வா. தடத்தை விட்டு விலகாதே, அது நேரா குடிசை வாசல்லதான் போய் முடியும்."

அவள் ஏற்றத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "சரி, போ" என்றாள்.

போனேன். பனி அருமையாக இருந்தது. ஒவ்வோர் உதைக்கும் பிடிமானம், ஒவ்வோர் உதைக்கும் வழுக்கல். பின்னால் அவள் வருகிறாள் என்ற நினைப்பிலேயே நன்றாகப் போனேன்.

பதினொன்றே காலுக்குக் குடிசையில் இருந்தேன். அடுப்பு பற்றியது. இரண்டு கோப்பைகளைக் கழுவி வைத்தேன். ஆரஞ்சுப் பழம், மெல்லிய உருளைக்கிழங்கு ரொட்டி, வெண்ணெய். ஜன்னலோரம் வெயில் விழும் இருக்கையில் கலைமான் தோலை விரித்தேன். பன்னிரண்டானது. பழகாத ஆளுக்கு இவ்வளவு நேரம் ஆகும் என்று நினைத்தேன். பன்னிரண்டரைக்கு வாசலில் கட்டைகளைக் கழற்றும் சத்தம் கேட்டது. எழுந்து போய்க் கதவைத் திறந்தேன்.

சமவெளிப் பக்கத்திலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த ஒரு வயதான தம்பதி. அந்த அம்மாள் கையுறையைக் கழற்றும்போதே பொரிந்தாள்.

"தம்பி, இந்தத் தடத்தைப் போடறவர் யாருன்னு தெரியுமா உனக்கு?"

"நான்தான்."

"பாவம் நீ! ஒரு மனுஷன் காலைல எழுந்து இவ்வளவு அழகாப் போட்டு வைக்கறான். எவளோ காலணியோட தடத்துக்குள்ளயே நடந்து குழி குழியாப் பண்ணி வச்சிருக்கா!"

எங்கள் பக்கத்தில் இதைவிடப் பெரிய குற்றம் கிடையாது. சறுக்குத் தடத்தில் நடப்பது. ஒவ்வொரு காலடியும் ஒரு குழி. ராத்திரி உறைந்தால் அது கல்லாகிவிடும். அடுத்த நாள் வருகிறவரின் கட்டை அதில் தட்டித் தடம் மாறும். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"எவ்வளவு தூரத்துக்கு?" என்றேன்.

"ஏத்தம் பூரா. கிலோமீட்டர் கணக்கா!"

"லிஃப்ட் பக்கத்து ஆளா இருக்கும். அவங்களுக்குத் தடம்னா என்னன்னே தெரியாது" என்றேன். சொன்னது நான்தான்.

"நான் நேராவே சொல்லிட்டேன்" என்றார் கணவர், முதுகுப்பையை இறக்கியபடி. "அம்மா, ஓரமா நடங்கன்னு. கட்டையைத் தோள்ல போட்டுட்டு நிக்கறா. ஒரு வார்த்தை பேசல."

"சிவப்பு ஜாக்கெட்" என்றாள் அந்த அம்மாள். "சின்ன உருவம்."

அடுப்பில் கெட்டில் சத்தமிட்டுக்கொண்டிருந்தது. காலணியை மாட்டி, மெழுகுப் பெட்டி இருந்த பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். "ஏம்பா, காபி பொங்குது!" என்று பின்னாலிருந்து யாரோ கூப்பிட்டார்கள்.

மூன்று கிலோமீட்டரைப் பத்து நிமிடத்துக்குள் கடந்தேன். காற்று முதுகில். கணவாயில் என் தடம் வழவழப்பாகவே இருந்தது. அவள் அதுவரை வரவேயில்லை. கொஞ்சம் கீழே இறங்கியதும் காலடிக் குழிகள் முடியும் இடம் தெரிந்தது. அங்கே ஒரு பெரிய பாறையின் மறைவில், கட்டைகளைப் பனியில் நட்டுவைத்துவிட்டு, புர்கி முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அவளிடம் நேராகப் போயிருக்க வேண்டும். பாறைக்குப் பத்தடி முன்னாலேயே என் கண் பனியில் மாட்டிக்கொண்டது. என் சுபாவம். பாறையிலிருந்து கீழே பார்த்தால் ஏற்றத்தின் கடைசி மேடு முழுவதும் எழுதிவைத்ததுபோல் தெரிந்தது. அடியில், அவள் மறுபடியும் கட்டையை மாட்டிப் பார்த்த இடத்தில், சில மீட்டருக்குத் தடத்துக்குள் நீளநீளமாகத் தேய்ந்த கறைகள். ஒவ்வோர் உதைக்கும் கட்டை பின்னால் வழுக்கிய அடையாளம். அதற்கு மேலே தடத்தை விட்டு வெளியே வந்து, கட்டைகளை மீன்முள்போல் அகட்டி வைத்து ஏறிய தழும்புகள். அப்புறம் பக்கவாட்டில் படிபோல் ஒவ்வோர் அடியாக. அங்கங்கே முழங்கால் பதிந்த பள்ளம். அதற்கும் மேலே காலடிகள்.

அவ்வளவு வழுக்கினால் மெழுகு பனியைத் தொடவே இல்லை என்று அர்த்தம். அப்படியானால் வில் அமுங்கவில்லை.

என் தங்கை குட்வெய்க் என்னைவிட உயரம். எழுபத்தெட்டுக் கிலோ. வில்லின் விறைப்பை ஆளின் எடைக்குத் தகுந்துதான் தேர்ந்தெடுக்க வேண்டும். புர்கி ஐம்பதைத் தாண்டமாட்டாள். அவள் ஒற்றைக்காலில் எவ்வளவு குதித்தாலும் அந்த வில் தரையைத் தொடாது. வாடகைக் கடையில் நான் தினமும் ஐம்பது பேருக்குச் செய்யும் சோதனை ஒன்று உண்டு. எடையைக் கேட்பேன். தரையில் கட்டையை வைத்து ஆளை ஏற்றி, கால் இருக்கும் இடத்தில் கட்டைக்கு அடியே ஒரு காகிதத்தைச் செருகுவேன். இரண்டு காலில் நின்றால் காகிதம் நகர வேண்டும், ஒற்றைக்காலில் நின்றால் சிக்கிக்கொள்ள வேண்டும். ஒரு நிமிட வேலை. புர்கியின் எடையைக் கேட்க எனக்குக் கூச்சம். அவள் காலடியில் குனியக் கூச்சம். வில்லைப் பற்றி அரைமணி நேரம் பேசினேன். காகிதத்தை வைத்துப் பார்க்கவில்லை.

"என்ன, உன் தடத்தைப் பாத்து அழறியா?" என்றாள் புர்கி.

"புர்கி, கட்டை விறைப்பு. உன் எடைக்கு அந்த வில்..."

"விளக்காதே."

அவள் கையுறையைக் கழற்றியிருந்தாள். உள்ளங்கையில் இரண்டு கொப்புளங்கள் உடைந்திருந்தன.

"நீ ஏன் கூப்பிடல?"

"கூப்பிட்டேன். ரெண்டு தடவை. காத்து உன் பக்கத்துலேருந்து அடிச்சுது. செல்போன்ல சிக்னல் இல்ல. நீ அந்த வளைவுல போய் மறையற வரைக்கும் ஒரு தடவைகூடத் திரும்பிப் பாக்கல."

"திரும்பிப் பாத்தா நீ சங்கடப்படுவேன்னு..."

"ஆறு வயசுலேருந்து ஸ்கீ மேல நிக்கறவ நான். உங்க ஊர்க் கிழவிங்க எல்லாம் பாட்டுப் பாடிட்டு ஏறற மேட்டுல நான் முழங்காலால தவழ்ந்தேன். ஒவ்வொருத்தரும் தலையாட்டிட்டுத் தாண்டிப் போறாங்க. ஒருத்தர் நின்னார். தடத்துல நடக்காதேன்னு சொல்றதுக்கு."

அவர் குடிசையில் என் காபியைக் குடித்துக்கொண்டிருக்கிறார் என்று நான் சொல்லவில்லை. நானும் அவரோடு சேர்ந்து திட்டினேன் என்பதையும் சொல்லவில்லை. அதைச் சொல்லியிருக்க வேண்டும்.

கட்டைகளை எடுத்துக் குப்புறப் போட்டேன். பெட்டியிலிருந்து சிவப்பு மெழுகை எடுத்து, ஊதாவுக்கு மேலே, வழக்கத்தைவிட இரண்டு சாண் நீளமாகவும் கனமாகவும் பூசினேன். வில் தரைக்கு வராவிட்டால் மெழுகைத் தரைக்குக் கொண்டுவர வேண்டியதுதான். தக்கையால் தேய்த்து, "இப்போ போட்டுப் பாரு" என்றேன்.

அவள் மாட்டிக்கொண்டு மேட்டில் ஓர் அடி எடுத்து வைத்தாள். கவ்வியது. இன்னோர் அடி. பத்தடி ஏறினாள், நேராகப் படியில் ஏறுவதுபோல். நின்று திரும்பினாள்.

"எவ்வளவு நேரம் ஆச்சு இதுக்கு?"

"அஞ்சு நிமிஷம்."

"அஞ்சு நிமிஷம்" என்றாள். தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டாள்.

"குடிசை மூணு கிலோமீட்டர்தான். அடுப்பு எரியுது" என்றேன்.

"இங்கேருந்து லிஃப்ட் எங்கே இருக்கு?"

கணவாயிலிருந்து வலதுபக்கம் ஏறினால் எண்ணூறு மீட்டரில் லிஃப்டின் உச்சி. அவள் அங்கேதான் போனாள். நான் பின்னால் போனேன். அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு போவது எனக்குப் புதிதாக இருந்தது. எப்போதும் என் முதுகைத்தான் மற்றவர்கள் பார்ப்பார்கள்.

உச்சியில் ஜனம். இசை. நாற்காலிகள் வந்து வந்து ஆட்களைக் கொட்டிக்கொண்டிருந்தன. புர்கி அந்தக் குச்சிக் கட்டைகளோடு சரிவின் விளிம்பில் போய் நின்றாள்.

"இதுல இறங்கப் போறியா? இரும்பு விளிம்பு கிடையாது" என்றேன்.

"தெரியும். காலைல நான்தானே கேட்டேன்."

இறங்கினாள். குதிகால் பூட்டில்லாத கட்டையில் முன்பக்கம் விழாமல் இருக்க முழங்காலை மடித்து, ஒரு காலைப் பின்னுக்கு இழுத்து, தாழ்ந்து தாழ்ந்து, பெரிய வளைவுகளாக வரைந்துகொண்டே போனாள். காலையில் அவளைக் கைவிட்ட அதே விறைப்பு இப்போது உதவியது. அவ்வளவு கனமாகப் பூசிய மெழுகு இரண்டு காலில் எடை பகிர்ந்து நின்றதும் பனியைத் தொடவில்லை. அதைக் கவனித்தவன் நான் ஒருவன்தான். சொல்ல ஆளில்லை.

முதல் திருப்பத்தில் நின்று, உடம்பைத் திருப்பி, அண்ணாந்து மேலே பார்த்தாள்.

நான் வருவதற்காகக் காத்திருக்கிறாள் என்று புரியச் சற்று நேரம் ஆயிற்று. அவர்கள் பக்கத்து வழக்கம் அது. முன்னால் இறங்கியவர் நின்று, பின்னால் வருகிறவர் தன்னிடம் வந்து சேரும் வரை கண்ணை எடுக்காமல் பார்ப்பார். விழுந்தால் தெரிய வேண்டும் அல்லவா? சரிவில் நான் வாத்துபோல் கட்டைகளை அகட்டிக்கொண்டு இறங்கினேன். சமதரையில் முப்பது கிலோமீட்டர் போனாலும் எனக்கு மூச்சு வாங்காது. அந்தச் சரிவில் ஏழு தடவை விழுந்தேன். ஒவ்வொரு தடவை எழும்போதும் அவள் அங்கே நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறு வயசுப் பையன் ஒருவன் என்னைத் தாண்டும்போது, "மாமா, ஊன்றுகோலை விட்டுடாதீங்க!" என்று கத்திக்கொண்டு போனான். அவள் சிரித்தது எனக்குக் கேட்டது.

அடிவாரத்தில் பனியைத் தட்டிக்கொண்டு அவள் பக்கத்தில் நின்றேன். அன்றைக்கு அதுவரை நான் அவளிடம் கேட்காத கேள்வியைக் கேட்டேன்.

"நாளைக்கு என்ன சொல்லப்போறே?"

"காலைல இருந்துடலாம்னுதான் நினைச்சேன்" என்றாள் புர்கி. "இப்போ இல்ல."

"கட்டையாலயா? அது என் தப்பு. வேற கட்டை..."

"கட்டையால இல்ல, தார்யெய். உன் மேல கோபமும் இல்ல. நீ எனக்காகத்தான் போனேன்னு தெரியும். அடுப்பு எரிஞ்சிருக்கும், காபி இருந்திருக்கும், எல்லாம் நல்லா வச்சிருப்பே. இங்க எல்லாருமே நல்லவங்கதான். ஆனா எல்லாரும் முன்னாடி போயிடறீங்க. எனக்கு அடுப்பு வேண்டாம். குளிர்ல நின்னாலும் பரவால்ல, பக்கத்துல ஒரு ஆள் போதும்."

"இனிமே நான் முன்னாடி போகமாட்டேன்."

"ஒரு நாள் போகமாட்டே. மறுநாள் போயிடுவே" என்றாள். சிரிக்காமல்தான் சொன்னாள். கேலி இல்லை.

குடிசை திறந்து கிடந்தது. அந்தத் தம்பதி கிளம்பியிருப்பார்கள். அடுப்பை அணைத்து, சாம்பலை அள்ளி, அடுத்தவருக்கு விறகு பிளந்துவைத்துப் பூட்டுவது, முதலில் பற்றவைத்தவன் பொறுப்பு. நான் திரும்பப் போக வேண்டும் என்றேன்.

"இந்தப் பக்கத்துலேருந்தா? நடந்தா?"

"ஏறிடுவேன்."

"பைத்தியமா உனக்கு?" அவள் தன் வருடாந்தர அட்டையைக் காட்டி லிஃப்ட்காரனிடம் ஏதோ பேசினாள். அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். இருபத்தாறு வருடமாக இந்த மலையில் வேலை பார்க்கிறேன், அந்த லிஃப்டில் ஏறியதில்லை. நாற்காலி பின்னாலிருந்து வந்து முழங்காலின் பின்பக்கத்தில் தட்டியது. இரண்டு பேரும் உட்கார்ந்தோம். தொடை தொடையில் பட்டது. தரை விலகியது.

எட்டு நிமிடம். நாற்காலி நிலையத்துக்குள் நுழையும்போது கம்பியை விட்டுவிட்டு மெதுவாகி, வெளியேறும்போது மறுபடியும் எப்படிக் கவ்விக்கொள்கிறது என்று எனக்குத் தெரியும். அதைப் பற்றி எட்டு நிமிடமும் பேசலாம்.

"உங்க வீட்டு ஜன்னல்லேருந்து என்ன தெரியும்?" என்று கேட்டேன்.

அவள் பேசினாள். மாட்டுக்கொட்டில், ஓடை, எதிர்மலையில் சாயங்காலம் மட்டும் வெயில் விழும் ஒரு தோட்டம், அண்ணன் மனைவியின் குறட்டை. ஐந்தாவது தூணுக்கு மேல் காற்று குளிர ஆரம்பித்தபோது, தன் கழுத்துத் துணியின் ஒரு முனையை என் பக்கம் இழுத்துவிட்டாள். நான் ஒன்றும் விளக்கவில்லை. உச்சி வந்துவிட்டது.

அங்கே கைகொடுத்தோம். கொப்புளத்தை நினைத்து நான் மெதுவாகப் பிடித்தேன். அவள் சரிவில் இறங்கினாள். முதல் திருப்பத்தில் பழக்கத்தால் நின்றாள். திரும்பி மேலே பார்த்தாள். நான் அந்த வழியாக வரப்போவதில்லை என்று அப்போதுதான் நினைவு வந்திருக்க வேண்டும். ஊன்றுகோலை உயர்த்திக் காட்டினாள். நானும் காட்டினேன். இப்படி நிற்கும்போது யார் முதலில் திரும்ப வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. எங்கள் பக்கத்தில் அதற்கு வழக்கம் இல்லை. அவள்தான் திரும்பினாள். சிவப்பு ஜாக்கெட் கூட்டத்தில் கலக்கும் வரை நின்றேன்.

பிறகு கணவாய்க்கு இறங்கி, எதிர்காற்றில் குடிசையை நோக்கி உதைக்க ஆரம்பித்தேன். சாயங்காலமாகிப் பனி இறுகியிருந்தது. பிடிமானம் நன்றாக இருந்தது. முதல் வளைவில் திரும்பிப் பார்த்தேன். என் தடம் மட்டும்தான் இருந்தது.